ஒரு சிமெண்டுக் குழாயும் நகர முன்னேற்றமும்

"பக்கத்துல உக்காந்திருக்கான். பக்கத்துலன்னா எப்பேர்ப்பட்ட பக்கம்? இந்தா, இப்படி!" என்று அண்ணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்துக் காட்டினாள். நடுவே ஒரு தீப்பெட்டி நுழையலாம், அதுவும் நசுங்கிய பெட்டியாக இருந்தால்.

கண்ணாடி முன்னால் நின்று சொற்பொழிவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் தூக்கிய கையை இறக்கவில்லை. மறுநாள் அவருடைய அலுவலகத்தில் மகளிர் தின விழா. "பெண்ணின் சிறகை வெட்டிவிட்டு, அவள் பறக்கவில்லையே என்று வருந்துகிறோம்" என்ற இடத்தில் வலது கை மேலே போக வேண்டும். போயிருந்தது.

"யாரு பக்கத்துல யாரு?"

"உங்க தங்கச்சி பக்கத்துல அந்த பஸ் டிரைவர். பின்னால மைதானத்துல கெடக்கே சிமெண்டுக் குழாய், அதுல ரெண்டு பேரும் ஜோடி போட்டு உக்காந்திருக்காங்க. நான் துணி எடுக்க மாடிக்குப் போனேனா, கண்ணுல பட்டுருச்சு."

அண்ணி துணி எடுக்க மாடிக்குப் போனது மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதை அவர் கவனிக்கவில்லை. அவருடைய கவலை வேறு.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தது பத்தாதா?"

"நீ பாத்தா வீட்டோட போச்சு. வெளியில யாரு பாத்தான்னு கேக்குறேன்."

"மூலைவீட்டுக்காரர் அவரு மாடியில நின்னுக்கிட்டிருந்தாரு. செடிக்குத் தண்ணி ஊத்துறாராம். தொட்டியில செடியே கிடையாது."

கை இறங்கியது.

அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர். ஆனால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருந்ததால் தெருவில் அவருக்குச் செயலாளர் என்றே பெயர். அந்த உரிமையில் அவர் மனைவி தெருவுக்கே அண்ணி. தங்கைக்கு மட்டும் தனிப் பெயர் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் கணவன் இறந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு எதற்குப் பெயர்? "நம்ம வீட்டு ராணி" என்று செயலாளர் விருந்தாளிகளிடம் சொல்வார். ராணி அப்போது பெரும்பாலும் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவள் வந்த மறுமாதமே வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் நின்றுவிட்டாள். வேறு ஆள் தேட வேண்டும் என்று அண்ணி இப்போதும் சொல்வதுண்டு.

தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு நகராட்சி எப்போதோ சாக்கடைக் குழி தோண்ட வந்தது. வந்த வேகத்தில் வேறு ஏதோ ஞாபகம் வந்தாற்போலப் பாதியில் எழுந்து போனது. போகும்போது ஒரு சிமெண்டுக் குழாயை விட்டுப் போனது. உட்கார்ந்தால் கால் தரையில் பதியும் உயரம். மேலே ஒரு மரத்தின் நிழல். மாலைத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு தெருவிளக்கு எரியும்வரை தங்கை அங்கே இருப்பாள். நாளில் அவளுடையது என்று சொல்ல அந்த ஒரு பொழுதுதான் இருந்தது. மீதியெல்லாம் வீட்டுக்குச் சொந்தம்.

குழாயின் மறுகோடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் உட்காருவார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மகன் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் தாங்காமல் வெளியே வருகிறவர். முதலில் இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருநாள், கடைத்தெருவைத் தாண்டி எங்குமே போய் ரொம்ப நாளாகிறது என்று அவள் சொல்லப்போக, அவர் அந்த இடத்திலேயே வண்டியை எடுத்துவிட்டார்.

"பதினேழாம் நம்பர் கிளம்புது. ஏறிட்டியாம்மா?"

"ஏறியாச்சு. ஜன்னலோரம் இடம் கெடச்சுது."

"பழைய ஆஸ்பத்திரி. ரெண்டு பேர் எறங்குறாங்க. ஒருத்தருக்குக் கால்ல கட்டு, மெதுவா எறங்கட்டும். ரைட். அடுத்தது மீன் மார்க்கெட்."

"நேத்து மீன் மார்க்கெட்டுக்கு முன்னால பாலம் வந்துச்சே?"

"பாலத்துல இன்னிக்கு ரிப்பேர். சுத்திப் போறோம்."

"பொய். மறந்துட்டீங்க."

"ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாதும்மா. போர்டு பாக்கலியா?"

இப்படியாக அவள் அந்தக் குழாயில் உட்கார்ந்தபடியே நகரம் முழுக்கப் போய்வந்தாள். இதற்கு மேல் அவர்களுக்குள் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு மேல் ஏதாவது வேண்டுமா என்று அவர்களையே கேட்டிருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை.

செயலாளர் தங்கையைக் கூப்பிட்டு, "இனிமே அங்க போகாதே" என்று சொல்லியிருந்தால் விஷயம் ஐந்து வார்த்தைக்குள் முடிந்திருக்கும். ஆனால் அவர் முற்போக்குவாதி. போகாதே என்று சொல்கிற அண்ணன்மார்களைப் பற்றித்தான் வருஷா வருஷம் மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறார். அவரே சொன்னார் என்பது வெளியே தெரிந்தால்?

"பேசாம உங்க பெரியக்கா வீட்டுக்கு அனுப்பிவைங்க. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்," என்றாள் அண்ணி.

"அனுப்பலாம். அப்புறம் துணி யாரு எடுக்குறது?"

அண்ணி அந்த யோசனையை அதற்குமேல் வளர்க்கவில்லை.

செயலாளர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடக்க நடக்க முகம் தெளிந்தது. "அவளைப் போகாதேன்னு நாம எதுக்குச் சொல்லணும்? போற எடத்தை முன்னேத்திப்புட்டா?"

"முன்னேத்தினா?"

"மொதல்ல அந்தக் குழாய் போயிடும்ல."

ஒரு பெண்ணை ஒரு குழாயிலிருந்து எழுப்புவதற்காக ஒரு நகரத்தின் பூங்காத் துறையே அசைந்து கொடுத்த வரலாறு இப்படித்தான் தொடங்கியது.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஊர் உலகமெல்லாம் பயப்படுகிறதே, அந்த நாலு பேரை நேரில் கண்டவர் எவரும் இல்லை. இந்தத் தெருவில் அவர்களைக் காணலாம். செயலாளர் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். செயலாளர், பல் டாக்டர், மூலைவீட்டுக்காரர், தலைவர். தலைவர் வயதானவர், கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். ஆனால் குறட்டை விடமாட்டார் என்பதால் அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

"திறந்தவெளிதான் ஒரு நகரத்தோட நுரையீரல்," என்று தொடங்கினார் செயலாளர். "நகராட்சியில ஒரு திட்டம் வந்திருக்கு. பொருள் அவங்க குடுப்பாங்க, யோசனையும் பராமரிப்பும் நம்மளோடது. கைகோத்து ஒரு பூங்கா போட்டுருவோம்."

"நகராட்சி சும்மா குடுக்குமா?" பல் டாக்டர் கண்ணைச் சுருக்கினார். "எலி அம்மணமா ஓடுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் சார்."

"எந்த எலி?" என்று கேட்டார் மூலைவீட்டுக்காரர். நகராட்சியை அல்ல, செயலாளரைப் பார்த்தபடி.

தங்கை தேநீர்த் தட்டோடு வந்தாள். கூடம் சட்டென்று வானிலையைப் பற்றிப் பேசியது. அவள் உள்ளே போனதும் மறுபடி பூங்காவுக்குத் திரும்பியது.

ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்தவன் காரணத்தின்மேல் சந்தேகமும் இருந்தது. பல் டாக்டரின் புதுப் பெயர்ப்பலகையை மைதானத்துப் பந்து ஒன்று உடைத்திருந்தது. பூங்கா வந்தால் பந்து போகும். மூலைவீட்டுக்காரர் தன் கார்க் கொட்டகையை மைதானத்துக்குள் ஓர் அடி, பிறகு இன்னோர் அடி என்று பாசத்தோடு வளர்த்துவந்தார். நடைபாதை கொஞ்சம் வளைந்து போனால் கொட்டகை நிரந்தரமாகும். செயலாளருக்குக் குழாய். மூவரும் ஒருவர் மனதை ஒருவர் ஊகித்தார்கள், மூன்று ஊகமும் சரியாகவே இருந்தது. ஆகையால் யாரும் வாய் திறக்காமல் சுற்றுச்சூழலைப் பற்றியே பேசி முடித்தார்கள்.

"பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு பகுதி இருக்கணும்," என்றார் செயலாளர் போகிற போக்கில். "சுத்தி வேலி, தனிக் கதவு. பாதுகாப்பு முக்கியம்."

மூலைவீட்டுக்காரர் தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "ரொம்ப முக்கியம் சார். இப்பல்லாம் யாரு எங்க உக்காந்திருக்கான்னே சொல்ல முடியலியே."

செயலாளர் காதுமடல் சிவந்தது. தீர்மானம் நிறைவேறியது. தலைவர் தலை முன்னால் சாய்ந்தது. அதை ஆமோதிப்பு என்று கொண்டார்கள்.

நகராட்சியிலிருந்து வந்தவள் ஓர் இளம் பொறியாளர். செருப்பில் எப்போதும் மண் இருக்கும். இந்த வேலையில் அவள் கற்றது ஒன்றுதான்: பூங்கா வேண்டுமென்று நாலு பெரியவர்கள் சேர்ந்து வந்தால், யார் உள்ளே வர வேண்டும் என்று சொல்ல வந்திருக்கமாட்டார்கள், யார் வரக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருப்பார்கள். ஆகவே அவள் முதலில் செயலாளர் வீட்டுக் கூடத்தில் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஒரு மாலை நேராக மைதானத்துக்குப் போய்க் குழாயின் நடுவில் உட்கார்ந்தாள். ஒருபக்கம் தங்கை, மறுபக்கம் டிரைவர். வண்டி சட்டென்று நின்றது.

"நகராட்சியிலேருந்து வரேங்கா. இங்க பூங்கா வரப்போகுது. உங்களுக்கு என்ன வேணும்?"

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்டவர்மேல் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? "அண்ணாகிட்ட கேளுங்க."

"செயலாளர்தானே உங்க அண்ணா? கேட்டாச்சு. ரொம்ப நேரம் சொன்னாரு. உங்களுக்குன்னு கேக்குறேன்."

"உக்கார இடம் வேணும்," என்று தங்கை குழாயைத் தட்டிக் காட்டினாள். "இது இருக்குல்ல. இது போதும்."

பொறியாளர் சற்றுத் தயங்கினாள். "இதை எடுத்துறணும்னுதான் உங்க அண்ணா மொதல்ல சொன்னாரு. நடுவுல ஒரு தடவை, கடைசியில ஒரு தடவை. மரம் செடின்னு ஒண்ணு உண்டுங்கிறதே நான் கேட்டப்பதான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு."

 தேநீர்த் தட்டோடு போனபோது கூடத்தில் திடீரென்று வானிலை வந்தது ஏன் என்று தங்கைக்கு இப்போது விளங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது; அடக்க முடியவில்லை.

"ஒரு பொம்பளையை எழுப்பிவிடறதுக்கு ஒரு நகராட்சியா?"

"பெரிய மரியாதைதாம்மா," என்றார் டிரைவர். "முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன். ரிட்டையர் ஆன அன்னிக்கு எனக்கு ஒரு ஆபீஸ் பையன்கூட எழுந்திரிக்கல."

பொறியாளரும் சிரித்தாள். ஆனால் எழுந்து போகும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "மைதானத்திலேயே ஒரு பொதுக்கூட்டம் வெப்போம். எல்லாரும் வரணும். நீங்களும் வாங்கக்கா."

கூட்டத்துக்கு முந்தின நாள் செயலாளர் அடுக்களை வாசல்வரை வந்தார். அந்தப் பக்கம் அவர் வருவது அபூர்வம்.

"நாளைக்கு உன்னைப் பேசச் சொல்வாங்க. சங்கத்துல பெண் பிரதிநிதின்னு உன் பேரைத்தான் குடுத்திருக்கேன்."

"எனக்குத் தெரியாதே அண்ணா."

"அதான் இப்பச் சொல்றேனே. பெருசா ஒண்ணும் பேச வேணாம். பொம்பளைங்களுக்குத் தனி இடம் வேணும்னு ஒரே வரி. உன் நல்லதுக்குத்தான். நான் உன்னை எப்பவாவது எங்கயும் போகாதேன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல அண்ணா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" பெருந்தன்மையின் கனத்தோடு அவர் கூடத்துக்குத் திரும்பினார்.

அண்ணி உள்ளே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரும்மா, அவரு நல்லவரு, அதனால சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். இந்த வீட்டுல நீ இருக்கிறது அவரு குணத்தால. அதைக் கெடுத்துக்காதே."

தங்கை கழுவிய தட்டை மறுபடி கழுவினாள்.

மைதானக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டிருந்தது. முன்வரிசை சங்கத்தார், பின்வரிசை பெண்கள், அதற்கும் பின்னால் நிற்பவர்கள் என்று யாரும் சொல்லாமலே பிரிந்துகொண்டது. செயலாளர் திட்டத்தை விளக்கினார். பூங்காவில் எங்குமே இருவர் மூவராக உட்காரும் இருக்கைகள் வேண்டாம், ஒற்றை இருக்கைகள் போதும், நல்ல இடைவெளி விட்டு என்றும் சொன்னார்.

"ஏன் சார் ஒத்தை?" என்று கேட்டாள் பொறியாளர்.

"ஒழுங்குக்குத்தான்."

"கணவன் மனைவி வந்தா?"

"அவங்க வீட்டுல உக்காந்துக்கலாமே," என்றார் பல் டாக்டர். பின்வரிசையில் அவர் மனைவி இருமினாள்.

"எங்க கிடங்குல நீள பெஞ்சுதான் சார் இருக்கு. ஒத்தை இருக்கை கொஞ்சந்தான் தேறும்." கிடங்கில் உண்மையில் என்ன இருந்தது என்பதைப் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. "சரி, இந்த மகளிர் பகுதி. அதை யாரு கேட்டது?"

"பெண்கள்."

"எந்தப் பெண்?"

செயலாளர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை எழுந்தாள். நாற்காலிகளுக்கு அப்பால் டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணியின் பார்வை அவள் முதுகில் இருந்தது. இருக்கிற வீடு ஒருபக்கம், இருக்கப்போகாத குழாய் ஒருபக்கம்.

"எனக்குத் தனி இடம் தேவைப்படல," என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "தனியா இருக்கிறது வீட்டுலேயே நெறைய கெடைக்குது. அண்ணாவுக்குத் தேவைப்படுதுன்னா கட்டிக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதைத் தும்மலாக மாற்றினார்கள். செயலாளர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அனுபவம் கைகொடுத்தது. "கேட்டீங்களா? கட்டச் சொல்லிட்டாங்க. பெண்களின் குரல்!" என்று கை தட்டினார். மற்ற மூவரும் தட்டினார்கள், தலைவர் விழித்துக்கொண்டு தட்டினார்.

பொறியாளர் வாதாடிப் பார்த்தாள். சங்கத்தின் தீர்மானத்தை மறுக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை. ஆனால் எதை எங்கே வைப்பது என்பது அவள் கையில் இருந்தது. நடைபாதையை வளைக்காமல் நேராகப் போட்டாள். மூலைவீட்டுக் கொட்டகை அதன் இயல்பான அளவுக்குத் திரும்பியது. குழாயைக் கொண்டுபோனார்கள். அது கிடந்த அதே மரநிழலில் ஒரு நீள பெஞ்சைப் பதித்தாள். இடையில் கைப்பிடி இல்லாதது. மகளிர் பகுதி சங்கத்தார் மேற்பார்வையில் தூரத்து மூலையில் எழுந்தது. இருட்டு இருந்தால் ஆபத்து என்று அங்கே இருந்த மரங்களை வெட்டச் சொன்னார்கள். எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கம்பி வேலிக்குமேல் நெருக்கமான வலையும் அடிக்கச் சொன்னார்கள்.

வேலை நடந்த காலமெல்லாம் மைதானத்துக்குள் யாரும் போக முடியவில்லை. அந்த மாலைகளில் தங்கை மாடியில் துணி எடுத்துவிட்டு அங்கேயே நிற்பாள். "இவ்வளவு நேரம் என்ன பண்றா?" என்று அண்ணி மாடிப்படியில் காது வைப்பாள். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காததே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

திறப்பு விழா நல்ல வெயிலில் நடந்தது. கவுன்சிலர் மகளிர் பகுதியைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. காலியான இடத்தைத் திறந்தால் படத்தில் எடுப்பாக இராது என்று பெண்களை முன்னதாகவே உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, குறுக்கே நாடா கட்டினார்கள். அண்ணி முதல் இருக்கையில். பக்கத்தில், நல்ல இடைவெளி விட்டு, பல் டாக்டர் மனைவி. தங்கை உள்ளே வரவில்லை.

"எல்லாருக்கும் தண்ணி குடுக்கணுமே அண்ணி. நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டாள். அவள் வேலை செய்வதை அந்த வீட்டில் யாரும் தடுத்ததில்லை.

நாடா வெட்டப்பட்டது, கதவைத் திறந்து படம் எடுக்கப்பட்டது, அடுத்த படத்துக்காகக் கதவு மறுபடி சாத்தப்பட்டது, கவுன்சிலர் கையோடு மேடைக்கு அழைத்துவரப்பட்டார். செயலாளர் மைக்கைப் பிடித்தார். தங்கை கடைசி டம்ளரையும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். பெஞ்சின் ஒரு கோடியில் டிரைவர் இருந்தார். மறுகோடியில் அவள் உட்கார்ந்தாள். நாலு தெரு ஜனமும் பார்க்க, ஒளிவு மறைவில்லாமல்.

மேடையிலிருந்து செயலாளரும் பார்த்தார். வாக்கியம் நடுவில் நொண்டியது. "ஆகவே பெரியோர்களே, பெண் என்பவள்... பெண் என்பவள்..."

அப்போதுதான் மகளிர் பகுதியிலிருந்து சத்தம் வந்தது. "என்னங்க! ஏங்க!"

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. உள்ளே நிழல் கிடையாது. பெண்கள் வெளியே வர எழுந்து கதவைத் தள்ளினார்கள், இழுத்தார்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. கட்டும்போது மேற்பார்வை பார்த்த நால்வரும், மகளிர் பகுதிக்குள் ஆண்கள் நுழையக் கூடாது என்ற விதியை, மகளிர் எவரும் வருவதற்கு முன்பே கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தார்கள். வேலி வேலை செய்தவர் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, தாங்கள் நின்ற பக்கத்தைக் காட்டினார்கள். வலையில் விரல் நுழையாது. அதுவும் பாதுகாப்புக்காகத்தான்.

"ஏங்க! தெறந்து விடுங்க!" என்று அண்ணி வலையைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் அவள் கணவர் பெண் விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

தங்கைக்குக் கேட்டது. அவள் எழுந்து மேடைக்கு முன்னால் குறுக்கே நடந்துபோய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.  திரும்பிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பெண்கள் வாசலில் தயங்கினார்கள். "இன்னொரு படம் இருக்கு, உள்ளேயே இருங்க" என்று புகைப்படக்காரர் கையசைத்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் கை தானாக இறங்கியது. முகமெல்லாம் வியர்வையோடு மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். நிழல் ஓர் இடத்தில்தான் இருந்தது. நேராக அங்கே போனாள்.

"தள்ளி உக்காரும்மா."

"அந்தப் பக்கம் டிரைவர் சார் இருக்காரே அண்ணி."

"இருந்தா என்ன? எனக்குத் தலை சுத்துது. தள்ளு."

டிரைவர் எழுந்தார். "நீங்க உக்காருங்கம்மா, நான் நிக்கிறேன்."

"அட, உக்காருங்க சார். வயசான காலத்துல வெயில்ல எங்க போய் நிப்பீங்க?" என்று அண்ணி அதட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். தங்கை நகர்ந்தாள். அண்ணிக்குப் பின்னால் பல் டாக்டர் மனைவி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "கொஞ்சம் தள்ளுங்க." "இன்னும் கொஞ்சம்." "அங்க எடம் இருக்கே, நல்லா நெருங்கி உக்காருங்களேன்." ஒவ்வொருத்தியும் உட்கார உட்காரத் தங்கை நகர்ந்தாள். கடைசியில் நகர இடமில்லாமல் டிரைவரின் தோளோடு தோளாக நின்றது வரிசை. அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டே, "அப்பாடா" என்றாள். பிறகுதான் பக்கத்தில் யார், அதற்குப் பக்கத்தில் யார் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் இனி எழுந்தால் இடம் போய்விடும்.

மேடையில் செயலாளர் பேச்சை நிறுத்தியிருந்தார். திட்ட வாயெடுத்தார். மைக் திறந்திருந்தது. அவர் மூச்சிரைப்பே நாலு தெருவுக்கும் போய்க்கொண்டிருந்தது. கவுன்சிலர் அவரைப் பார்த்தார். ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். மூலைவீட்டுக்காரர் மிகுந்த ஆவலோடு பார்த்தார்.

"ஆகவே," என்றார் செயலாளர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெண்கள்... எங்க வேணும்னாலும்... யார் பக்கத்துல வேணும்னாலும்... உக்காரலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் வாழ்நாளில் வாங்கியதிலேயே அதுதான் பெரியது. தலைவர்கூட எழுந்து நின்று தட்டினார்.

தங்கை இப்போதும் தினமும் போகிறாள். பொதுமேடையில் சொன்ன ஒன்றை வீட்டுக்குள் திரும்பப் பெறுவது எப்படி என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் வழி புலப்படவில்லை. டிரைவர் பதினேழாம் நம்பரை விட்டு வேறு தடத்துக்கு மாறிவிட்டார். அண்ணி சில மாலைகளில் துணையாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிறாள். முதல் இரண்டு நாள் காவலுக்கு வந்தவள்தான். மூன்றாம் நாள், மார்க்கெட் நிறுத்தத்தில் தன்னை இறக்கிவிட மறந்துவிட்டதாக டிரைவரோடு சண்டை போட்டாள்.

மகளிர் பகுதியின் தாழ்ப்பாளைப் பற்றிச் சங்கம் கூடி ஆராய்ந்தது. உள்பக்கம் மாற்றலாம் என்றார் ஒருவர். உள்பக்கம் மாற்றினால் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும் என்றார் இன்னொருவர். முடிவில் பூட்டுப் போட்டு, சாவியைச் செயலாளரிடம் வைப்பது, வேண்டிய பெண்கள் கேட்டு வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். இதுவரை எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. தோட்டக்காரர் கேட்டார். அவருடைய துடைப்பமும் தண்ணீர் வாளியும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. உயரமான வேலி, நெருக்கமான வலை, வெளிப்பக்கத் தாழ்ப்பாள், மேலே பூட்டு. அந்தத் துடைப்பத்தை இன்றுவரை யாரும் தவறாகப் பார்த்ததில்லை.